துரத்தப்பட்டவர் அமைத்த ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு வரலாற்றுத் தலைப்பை எடுத்துப் பேசுகிறோம். சென்ற மாதம் அமெரிக்கக் குடியேற்றங்களின் தொடக்கம். ‘மதச் சுதந்திரம் தேடிக் கப்பலேறியவர்கள்’ என்று பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. எனக்கோ வாசிக்க வாசிக்கக் கசப்புதான் மிஞ்சியது. இங்கிலாந்தில் எங்களைத் துன்புறுத்துகிறார்கள் என்று கடல்தாண்டி ஓடிவந்த பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவச் சீர்திருத்தக்காரர்கள், பாஸ்டனில் காலூன்றி 30 ஆண்டுகள் ஆவதற்குள் குவாக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினரைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள்.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: மதச் சுதந்திரம் என்பது பலமில்லாதவரை கேட்கப்படும் சலுகை. அதிகாரம் கைக்கு வந்தபின் யாரும் அதை அடுத்தவருக்குத் தருவதில்லை. அப்படித் தருகிறவர்களும் நம்பிக்கை தளர்ந்துபோனவர்களாகத்தான் இருப்பார்கள். தன் கடவுளைத் தீவிரமாக நம்புகிறவனால் அடுத்தவனின் பிழையான நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. நண்பர் ஒருவர் ரோட் ஐலண்ட் என்ற குடியேற்றத்தைச் சொல்லி மறுத்தார். ஆனால் விவரமாகச் சொல்ல அவரால் முடியவில்லை. இன்னொருவர் மேரிலாண்டும் உண்டே என்றார்.

ரோட் ஐலண்ட் உண்மையிலேயே விதிவிலக்கா, அல்லது அதுவும் பின்னால் வந்தவர்கள் மெருகேற்றிய கதையா? அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நான்தான் பேச வேண்டும். அந்தக் காலத்து ஆவணம் எதையாவது வாசித்துக் காட்டலாம் என்றால் எதை எடுக்கலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கசப்பின் முதல் பாதி நியாயமானது. இரண்டாம் பாதியை, அதாவது தீவிரமாக நம்புகிறவனால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை, என்னால் ஏற்க முடியவில்லை. அதை மறுக்க ரோட் ஐலண்ட் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். அந்தக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஜர் வில்லியம்ஸ் தன் தலைமுறையிலேயே மிகக் கறாரான நம்பிக்கையாளர். பாஸ்டன் பியூரிட்டன்களைவிடப் பல மடங்கு பியூரிட்டன் அவர்.

முதலில் பாடப்புத்தக வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். ‘மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படுபவர்கள் இரண்டு கூட்டத்தார். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு அடியோடு விலகியவர்கள். கப்பலில் இருந்த 102 பயணிகளில் அவர்கள் பாதிகூட இல்லை. அதற்கு முன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஹாலந்தில், பெரும்பாலும் லெய்டன் நகரில், வாழ்ந்தவர்கள். அங்கே வழிபாட்டுக்கு அவர்களுக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. பிழைப்பு கடினமாக இருந்தது, பிள்ளைகள் டச்சுக்காரர்களாக மாறிக்கொண்டிருந்தார்கள், ஸ்பெயினுடன் மறுபடி போர் மூளும் நிலை இருந்தது. கிளம்பியது அதனால்தான். அவர்களின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் இதையெல்லாம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

பத்தாண்டு கழித்து 1630இல் ஜான் விந்த்ரோப் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பியூரிட்டன்கள் வேறு. வசதியும் கல்வியும் அரச சாசனமும் உள்ளவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு விலகாமல் அதைத் திருத்த விரும்பினார்கள். கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒரு சமூகத்தை உலகமே பார்க்கும்படி மலைமேல் உள்ள பட்டணமாக அமைக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. 1631இலேயே திருச்சபை உறுப்பினருக்குத்தான் வாக்குரிமை என்று சட்டம் செய்தார்கள். கடவுளோடு உடன்படிக்கை செய்த ஊரில் ஒருவன் தப்பாக வழிபட்டால் தண்டனை ஊர் மொத்தத்துக்கும் வரும் என்று மனதார அஞ்சினார்கள். ஆகவே அவர்களை வாக்குத் தவறியவர்கள் என்று சொல்வது சரியாகாது. எல்லோருக்கும் சுதந்திரம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. தங்கள் வழியில் வாழத் தங்களுக்கு ஓர் இடம் கேட்டார்கள், கிடைத்தது, பிறரை அங்கே விடவில்லை. அவ்வளவுதான்.

வில்லியம்ஸ் 1603 வாக்கில் லண்டனில் பிறந்தவர். இளைஞனாக இருந்தபோது, அரசனையே எதிர்த்து நின்ற சட்ட மேதை எட்வர்ட் கோக்கிடம் எழுத்தராக இருந்து நீதிமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தார். பிறகு கேம்பிரிட்ஜ். 1631 பிப்ரவரியில் பாஸ்டனில் வந்திறங்கியபோது ஊரே அவரை வரவேற்றது. பாஸ்டன் திருச்சபையில் போதகர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த வயதில் அதைவிடப் பெரிய கௌரவம் அந்தக் கரையில் கிடையாது. அவர் மறுத்துவிட்டார். நீங்கள் இன்னும் இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை, அந்த அழுக்கு உங்களிடமும் இருக்கிறது, உங்களுக்கு நான் போதகராக இருக்க முடியாது என்றார்.

இந்த மனிதரைத்தான் நாம் சகிப்பின் முன்னோடி என்கிறோம். அவருடைய சகிப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள இந்த மறுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். வழிபாடு என்பது அவருக்கு ஆன்மா தானாக முன்வந்து செய்யும் ஒன்று. கொஞ்சம் வற்புறுத்தல் கலந்தாலும் கெட்டுப்போய்விடும் அளவுக்குத் தூய்மையானது. கட்டாயத்தின் பேரில் ஒருவனை ஜெபிக்கவைத்தால் அவன் பொய் சொல்கிறான், அவனைப் பொய் சொல்லவைத்த பாவம் அரசாங்கத்துக்கு. கட்டாய வழிபாடு கடவுளின் நாசியில் நாறுகிறது என்று முதுமையில்கூட ஒரு கடிதத்தில் எழுதினார். அடுத்தவர் நம்பிக்கை எனக்குப் பொருட்டில்லை என்கிற ஆள் இப்படி எழுத மாட்டார்.

பாஸ்டனை விட்டு மாசசூசெட்ஸின் சேலம், பிறகு பிளிமத், மறுபடி சேலம் என்று அவர் போன இடமெல்லாம் நீதிபதிகளுக்குத் தலைவலி. அவர் சொன்னவற்றுள் இரண்டு அடிமடியிலேயே கைவைப்பவை. ஒன்று, பத்துக் கட்டளைகளின் முதல் பலகையில் அரசு தலையிடக் கூடாது. கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகியவை இரண்டாம் பலகை. மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலானவை, அவற்றை நீதிபதி தண்டிக்கலாம். விக்கிரக வழிபாடு, தெய்வநிந்தனை, ஓய்வுநாளை மீறுதல் ஆகியவை மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலானவை, அங்கே நீதிபதிக்கு வேலை இல்லை. இரண்டு, இந்த மண் பூர்வகுடிகளுடையது. இங்கிலாந்து அரசன் தனக்குச் சொந்தமில்லாததைச் சாசனம் எழுதிக் கொடுத்திருக்கிறான், அந்தச் சாசனம் செல்லாது. காலனியின் உயிரே அந்தச் சாசனத்தில் இருக்கும்போது இதைச் சொன்னவரை விட்டுவைப்பார்களா?

1635 அக்டோபரில் மாசசூசெட்ஸ் பொது மன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. உடல்நலம் சரியில்லாததால், இனிப் பிரசங்கம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வசந்தம்வரை தங்க அனுமதித்தார்கள். அவரோ வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசிக்கொண்டே இருந்தார். 1636 ஜனவரியில் அவரைப் பிடித்து இங்கிலாந்துக் கப்பலில் ஏற்ற கேப்டன் அண்டர்ஹில்லை அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது வில்லியம்ஸ் கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது. மனைவியையும் பிறந்து சில மாதங்களே ஆன பெண்குழந்தையையும் விட்டுவிட்டு நியூ இங்கிலாந்தின் உறைபனிக்குள் தனியாகப் போயிருந்தார். நாரகன்செட் விரிகுடாப் பக்கம் போ என்று அவருக்கு ரகசியமாகச் சொல்லியனுப்பியது ஜான் விந்த்ரோப் என்று பின்னாளில் வில்லியம்ஸே எழுதினார். அவர் கருத்துகளை அடியோடு வெறுத்தவர் விந்த்ரோப். இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

ரொட்டி எது படுக்கை எது என்று தெரியாமல் 14 வாரம் அலைந்தேன் என்று எழுதியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் அவர் பிழைத்தது வாம்பனோக் பூர்வகுடித் தலைவர் மாசசோயிட்டின் குடில்களில். அவர்கள் மொழியை அவர் முன்பே கற்றிருந்தார். வசந்தத்தில் சீகாங்க் ஆற்றின் கிழக்குக் கரையில் விதைக்கத் தொடங்கினார். அது எங்கள் எல்லை, ஆற்றைத் தாண்டிப் போய்விடுங்கள் என்று பிளிமத் ஆளுநர் வின்ஸ்லோ நயமாகச் சொல்லியனுப்பினார். விதைத்ததை விட்டுவிட்டுத் தோணியில் கடந்தார். மறுகரையில் நாரகன்செட் பூர்வகுடித் தலைவர்களான கனோனிகஸும் மியாண்டனோமியும் கொடுத்த நிலத்தில் ஊர் அமைத்து, தன் துன்பத்தில் கடவுள் காட்டிய பராமரிப்பை நினைத்து பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். காசு கொடுத்திருந்தால் கனோனிகஸ் இந்த நிலத்தைத் தந்திருக்க மாட்டார், அன்பினால் கிடைத்தது இது என்று பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

வந்து சேர்ந்த குடும்பங்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில் ஒரு சிறு தொடர் இருக்கிறது. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவோம், ‘குடிமை விஷயங்களில் மட்டும்’. அன்றைய உலகில் ஓர் ஊர் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஆவணத்தில் கடவுள் பெயர் இல்லாமலிருப்பதும், கூடவே இப்படி ஒரு வேலி போட்டுக்கொள்வதும் அபூர்வம்.

எழுதிவைப்பது சுலபம். சோதனை 1638இல் வந்தது. உங்கள் கூட்டத்தில் இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டுமாவது சொல்லுங்கள். ஜோஷுவா வெரின் என்பவர் வில்லியம்ஸோடு முதலில் வந்தவர்களில் ஒருவர், பக்கத்து மனைக்காரர். அவர் வழிபாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஓராண்டாக வரவில்லை, நாங்கள் அவரைத் தொந்தரவு செய்யவும் இல்லை என்று வில்லியம்ஸ் எழுதுகிறார். வராமலிருப்பது அவர் உரிமை. ஆனால் அவர் மனைவி ஜேன் வந்தாள். வில்லியம்ஸ் வீட்டில் நடந்த கூட்டங்களுக்கு அடிக்கடி போனாள். வெரின் அவளைத் தடுத்தார், உயிருக்கே ஆபத்து என்னும் அளவுக்கு அடித்தார்.

ஊர் கூடியது. அங்கே நடந்த வாதத்தின் ஒரு பகுதியை விந்த்ரோப் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். வில்லியம் ஆர்னல்ட் எழுந்து, மனசாட்சிச் சுதந்திரத்துக்கு நான் சம்மதித்தபோது மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற தேவகட்டளையை அது மீறும் என்று நினைத்துச் சம்மதிக்கவில்லை என்றார். வெரின் செய்ததும் மனசாட்சிப்படிதான், அவரைத் தண்டித்தால் நீங்களே உங்கள் விதியை மீறுகிறீர்கள் என்பது அவர் கட்சி. எவ்வளவு சாமர்த்தியமான வாதம்! இன்றுகூட ஆயிரம் வீடுகளில் ஒலிக்கும் வாதம். மனைவியரைத் தடுக்க விட்டால் நாட்டிலுள்ள பெண்களெல்லாம் நம்மைப் பார்த்துக் கூக்குரலிடுவார்கள் என்று மற்றொருவர் பதில் சொன்னார். ஊர் வாக்கெடுத்தது. மனசாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்ததற்காக வெரினின் வாக்குரிமை பறிக்கப்பட்டது.

1638இல், கணவன் அடிப்பது குடும்ப விவகாரம் என்று உலகமே நினைத்த காலத்தில், ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு மனசாட்சி உண்டு, கணவனின் மனசாட்சி அதற்கு மேல் இல்லை என்று சில குடும்பங்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு காட்டூர் முடிவெடுத்திருக்கிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் முடிவு ஜேனைக் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெரின் அவளையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கே திரும்பிவிட்டார். ஊரால் அவர் வாக்கைப் பறிக்க முடிந்தது, அவள் கணவனோடு போவதைத் தடுக்க முடியவில்லை.

அதே சமயத்தில் மாசசூசெட்ஸில், பாஸ்டனைச் சேர்ந்த ஆன் ஹட்சின்சன் மீது விசாரணை நடந்திருந்தது. மருத்துவச்சி, பல பிள்ளைகளின் தாய். ஞாயிறு பிரசங்கத்தை வீட்டில் அலசிப் பேச ஆரம்பித்தார். பெண்களோடு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். போதகர்களில் பலர் கிருபையை விட்டு நற்செயல்களைப் போதிக்கிறார்கள் என்றார். 1637 நவம்பரில் நாடுகடத்தத் தீர்ப்பானபோது, எதற்காக என்று கேட்டார். பேசாதே, எதற்கென்று மன்றத்துக்குத் தெரியும், மன்றத்துக்குத் திருப்தி என்றார் ஆளுநர் விந்த்ரோப். ஆன் ஹட்சின்சனும் ஆதரவாளர்களும் வில்லியம்ஸின் உதவியோடு அக்விட்நெக் தீவை நாரகன்செட்களிடமிருந்து பெற்று 1638இல் போர்ட்ஸ்மத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு நியூபோர்ட். இப்படித் துரத்தப்பட்டவர்களின் ஊர்கள் சேர்ந்ததுதான் ரோட் ஐலண்ட். ஒருவரோடு ஒருவர் ஓயாமல் சண்டை போட்டார்கள். பக்கத்துக் காலனிகள் அதைக் குப்பைமேடு, சாக்கடை என்றெல்லாம் ஏசின.

1643இல் வில்லியம்ஸ் லண்டன் போய் அடுத்த ஆண்டு ஒரு சாசனம் வாங்கினார். போன இடத்தில் ஒரு புத்தகமும் எழுதினார், 1644இல் வந்த ‘மனசாட்சியைத் துன்புறுத்தும் குருதிக் கோட்பாடு’. நாடாளுமன்றம் அதை எரிக்க உத்தரவிட்டது. பாஸ்டனின் பெரிய போதகர் ஜான் காட்டனுக்கு எதிரான வாதம் அது. காட்டன் சொன்னது உங்கள் கேள்விக்கு நேராக வருவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். மனசாட்சிக்காக ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்று காட்டனும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேதத்தின் அடிப்படை உண்மைகள் பட்டப்பகல்போலத் தெளிவானவை. ஒருமுறை இருமுறை புத்தி சொன்னபின்னும் ஒருவன் ஏற்கவில்லை என்றால், அவன் உள்ளுக்குள் உண்மையைத் தெரிந்துகொண்டே முரண்டு பிடிக்கிறான், தன் மனசாட்சிக்கே விரோதமாகப் பாவம் செய்கிறான். எனவே அவனைத் தண்டிப்பது மனசாட்சியைத் தண்டிப்பதாகாது.

உலகத்தில் எந்த மதத்தின், எந்தக் கட்சியின் துன்புறுத்தலை எடுத்துப் பார்த்தாலும் அடியில் இந்த வாதம் கிடக்கும். எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவது உனக்குத் தெரியாமலிருக்க முடியாது, ஆகவே நீ நடிக்கிறாய். வில்லியம்ஸ் இதைப் பக்கம் பக்கமாகக் கிழித்தார். அவருடைய பிடிமானம் மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் களைகள் உவமை. கோதுமைக்கு நடுவே களை முளைக்கிறது, பிடுங்கிவிடவா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள், வேண்டாம், அறுப்புவரை இரண்டையும் வளரவிடுங்கள் என்கிறார் எஜமான். அந்தக் களைகள் திருச்சபைக்குள் இருக்கும் வேஷதாரிகளைக் குறிக்கும் என்பது காட்டனின் விளக்கம். வில்லியம்ஸ் இயேசுவின் வாயிலிருந்தே பதில் எடுத்தார்: ‘நிலம் உலகம்’. திருச்சபைக்குள் யாரைச் சேர்ப்பது, விலக்குவது என்பதைத் திருச்சபை தீர்மானித்துக்கொள்ளட்டும். வெளியே உலகத்தில் களையென்று நீ நினைப்பவனை அறுப்பவர் வரும்வரை தொடாதே. அவன் களைதான் என்பதில் வில்லியம்ஸுக்குச் சந்தேகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். யூதர், துருக்கியர், கத்தோலிக்கர், பூர்வகுடிகள் எல்லோரும் தவறான வழியில் போகிறார்கள் என்றே அவர் நம்பினார். அவர்களைத் தொடும் உரிமை வாள் ஏந்தியவனுக்கு இல்லை என்பதையும் அதே உறுதியோடு நம்பினார்.

அந்தப் பயணத்தின் இன்னொரு விளைவு நாரகன்செட் மொழிக்கு அவர் எழுதிய கையேடு, 1643. வெறும் சொற்பட்டியலாக இல்லாமல், சாப்பாடு, உறக்கம், பயணம், வியாபாரம் என்று அவர்கள் வாழ்க்கையோடு சேர்த்து எழுதினார். அதிலுள்ள ஒரு பாடல், ஆங்கிலேயனே உன் பிறப்பைப் பற்றிப் பெருமை பேசாதே, உன் சகோதரன் இந்தியன் பிறப்பில் உனக்குச் சமம் என்கிறது. 1650களின் தொடக்கத்தில் மறுபடி அவர் இங்கிலாந்து கிளம்பியபோது நாரகன்செட் தலைவர்கள் அவரிடம் ஒரு மனு கொடுத்தனுப்பினார்கள்: எங்களை எங்கள் மதத்தைவிட்டுக் கட்டாயமாக மாற்ற வேண்டாம், மாறாததற்காக எங்கள்மீது போர் தொடுக்க வேண்டாம். அதை அவர் கொண்டுபோனார்.

குவாக்கர்கள் விஷயத்தில்தான் நீங்கள் கேட்டதற்கு முழு விடை இருக்கிறது. 1657இல் சுற்றியுள்ள காலனிகள் ஒன்றுசேர்ந்து, குவாக்கர்களை உள்ளே விடாதீர்கள் என்று ரோட் ஐலண்டுக்கு எழுதின. அவர்களைத் தண்டிக்க எங்களிடம் சட்டம் இல்லை என்று பதில் போயிற்று. கூடவே ஒரு கவனிப்பும்: அவர்களைச் சுதந்திரமாகப் பேசவிட்டு, வெறும் வாதத்தால் மட்டும் எதிர்க்கிற இடங்களுக்கு அவர்கள் வரவே விரும்புவதில்லை, துன்புறுத்துகிற இடங்களுக்குத்தான் தேடிப்போகிறார்கள். பாஸ்டன் வேறு வழியில் போனது. காது அறுத்தார்கள். துரத்தியபின் திரும்பிவந்தால் மரணம் என்று 1658இல் சட்டம் போட்டார்கள். 1659 அக்டோபரில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களோடு நிறுத்தப்பட்ட மேரி டயரைத் தூக்குமேடையிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் ஆன் ஹட்சின்சன் பக்கம் நின்றவர் அவர். ரோட் ஐலண்டில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். சட்டத்தை எதிர்க்கவே திரும்பிப்போய் 1660 ஜூன் 1 அன்று தூக்கில் இறந்தார்.

சரி, வில்லியம்ஸ் குவாக்கர்களைப் பற்றி என்ன நினைத்தார்? சகிக்க முடியாத வெறுப்பு. உள்ளொளி என்று பேசி வேதத்தைக் கைவிட்டவர்கள், மரியாதை தெரியாதவர்கள் என்றார். 1672இல் குவாக்கர் இயக்கத்தின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ரோட் ஐலண்டுக்கு வந்தபோது வில்லியம்ஸ் பதினான்கு கருத்துகளை எழுதிச் சவால் விட்டார். ஃபாக்ஸ் அதற்குள் போய்விட்டார். அவர் சீடர்களோடு வாதிட, எழுபதை நெருங்கிய வில்லியம்ஸ் பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட்டுக்கு ஏறத்தாழ 30 மைல், பகல் முழுக்கத் தானே துடுப்புப் போட்டுப் போனார். நள்ளிரவு நெருங்கும்போது போய்ச் சேர்ந்து மறுநாள் காலை வாதத்துக்கு நின்றார். மூன்று நாள் அங்கே, ஒரு நாள் பிராவிடன்ஸில். அப்போது அந்தக் காலனியின் ஆளுநரே ஒரு குவாக்கர்! தான் வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டிய ஊரைத் தான் வெறுக்கும் கூட்டம் வாக்கு வாங்கி ஆள்கிறது. அதற்கு வில்லியம்ஸ் எடுத்த ஆயுதம் வாதமும் துடுப்பும். பிறகு அவர்களைத் திட்டி ஒரு தடித்த புத்தகமும் போட்டார். யார்மீதும் ஒரு வழக்கு இல்லை, ஒரு கசையடி இல்லை. தன் கடவுளைத் தீவிரமாக நம்புகிறவனால் பொறுக்க முடியாது என்றீர்களே, இந்தத் தோணியை நினைத்துப் பாருங்கள்.

1663 ஜூலையில் இரண்டாம் சார்லஸ் அரசன் கொடுத்த சாசனம் இவற்றை எல்லாம் சட்டமாக்கியது. அதை வாங்கியவர் நியூபோர்ட்டின் ஜான் கிளார்க், மருத்துவரும் பாப்டிஸ்ட் போதகருமானவர். அதற்காக 12 ஆண்டுகள் லண்டனில் கிடந்தார். குடிமை அமைதியைக் குலைக்காதவரை மதக் கருத்து வேறுபாட்டுக்காக யாரையும் தொந்தரவு செய்யவோ தண்டிக்கவோ விசாரிக்கவோ கூடாது என்கிறது சாசனம். நிலத்தைப் பூர்வகுடிகளிடமிருந்து விலைக்கும் சம்மதத்தோடும் பெற்றார்கள் என்றும் சொல்கிறது. மாசசூசெட்ஸில் எதற்காக வில்லியம்ஸைத் துரத்தினார்களோ அந்த இரண்டும் ஓர் அரசனின் முத்திரையோடு வந்துவிட்டன. 1843வரை அந்தச் சாசனமே அந்த மாநிலத்தை ஆண்டது.

இனி மெருகு பற்றி. ரோட் ஐலண்டைப் புனிதமாக்கிப் பேசினால் உங்கள் வட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள், கேட்க வேண்டும். 1652இல் அங்கே கறுப்பரையோ வெள்ளையரையோ பத்தாண்டுக்கு மேல் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். அது ஏட்டோடு நின்றது. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல்கள் நடத்திய அடிமை வணிகப் பயணங்களில் பாதிக்கு மேல் ரோட் ஐலண்டிலிருந்து கிளம்பியவை. நியூபோர்ட்டில் யூதர்கள் வாழ்ந்தார்கள், வழிபட்டார்கள், 1763இல் அவர்கள் திறந்த ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஏரன் லோபஸ் என்ற பெரிய வணிகர் குடியுரிமை கேட்டபோது, அவர் யூதர் என்பதால் காலனி நீதிமன்றம் மறுத்தது. அவர் மாசசூசெட்ஸுக்குப் போய்க் குடியுரிமை வாங்கினார்!

இவற்றைவிட எனக்கு வலிப்பது பூர்வகுடிகளின் கதை. 1675இல் மாசசோயிட்டின் மகன் மெட்டகொமெட் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடங்கினார். டிசம்பரில் மற்ற காலனிகளின் படைகள் ரோட் ஐலண்டின் சதுப்பு நிலத்தில் இருந்த நாரகன்செட் கோட்டையைச் சூழ்ந்து பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. 1676 மார்ச்சில் நாரகன்செட்கள் பிராவிடன்ஸை எரித்தார்கள். வில்லியம்ஸின் வீடும் எரிந்தது. போர் முடிந்தபின் பிடிபட்டவர்களை ஆண்டுக்கணக்கில் ஊழியத்துக்கு விற்க ஊர் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவில் வில்லியம்ஸ் இருந்தார். குளிரில் தனக்குக் கூரை கொடுத்தவர்களின் மக்கள் அவர்கள். அந்த மொழியின் முதல் கையேட்டை எழுதியவர் அதைச் செய்தார். இதற்குச் சமாதானம் சொல்ல என்னால் ஆகாது. நீங்களும் சொல்ல வேண்டாம். மனசாட்சிக்குப் போட்ட வேலி மனித உடலுக்கும் நிலத்துக்கும் போடப்படவில்லை என்பதை அப்படியே வையுங்கள்.

மேரிலாண்டும் உண்டே என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கத்தோலிக்கரான கால்வர்ட் குடும்பம் 1634இல் தொடங்கிய காலனி அது. 1649இல் சகிப்புச் சட்டம் போட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குள் அது பெரிய காரியம்தான். ஆனால் கடவுள் மூவராய் ஒருவர் என்னும் திரித்துவக் கொள்கையை மறுப்பவனுக்கு மரணம் என்று அதே சட்டம் சொன்னது. பின்னால் ஆட்சி மாறி, 1718இல் கத்தோலிக்கர்களுக்கே அங்கே வாக்குரிமை இல்லாமல் போயிற்று. நீங்கள் சொன்ன ‘பலமில்லாதவரை’ என்ற கணக்குக்கு மேரிலாண்ட் பொருந்தும். கால்வர்ட்கள் தங்களவர்களைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு இடம் மற்றவர்க்குக் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் வாசிக்க 1655 ஜனவரியில் வில்லியம்ஸ் பிராவிடன்ஸ் ஊராருக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும். ஊரில் சிலர், மனசாட்சி எங்களுடையது, ஆகவே ஊர்ப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வர மாட்டோம், யாரையும் எதற்கும் தண்டிக்கக் கூடாது என்று கிளம்பியிருந்தார்கள். அவர் ஊரை ஒரு கப்பலாகச் சொன்னார். அதில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் யூதரும் துருக்கியரும் ஏறியிருக்கிறார்கள். கப்பலின் ஜெபத்துக்கு வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவரவர் ஜெபத்தைத் தடுக்கவும் கூடாது. ஆனால் எந்தத் திசையில் போவது, அமைதியை எப்படிக் காப்பது என்று கட்டளையிடும் அதிகாரம் தலைவனுக்கு உண்டு. கப்பல் கட்டணம் தர மறுப்பவரை, கலகம் செய்பவரைத் தண்டிக்கலாம்.

வாசித்த பிறகு வெரின் வழக்கைச் சொல்லி, ஆர்னல்டின் வாதத்தை யாராவது ஒருவரை அவர் தரப்பில் நின்று வலுவாகப் பேசச் சொல்லுங்கள். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.